இளைக்கும் நாய்க்கு மூச்சுவழி மருந்து

நாய்க்கும் இளைப்பு நோய் உண்டோ என்று வினவுவோர் உளர். உண்டு. மனிதர்க்கு வரும் ஆஸ்துமா அப்படியே நாய்க்கு வருவது அரிது. பூனைக்கே அது மிகுதி. ஆனால் மூச்சுக் குழல்கள் நாட்பட்டு வீங்கி, உள்ளே சளி கட்டி, இரண்டு மாதத்திற்கு மேலாக நாள்தோறும் இருமல் ஓயாதிருக்கும் நிலை நாய்களிடத்தே நிரம்பக் காணப்படுகிறது. இதனை நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்பர். நடுவயதைக் கடந்த நாய்களுக்கே இது பெரிதும் வரும். அந்நாய் இரவெல்லாம் இருமி, ஈற்றில் தொண்டையில் சிக்கிய எதனையோ கக்க முயல்வதுபோல் ஓங்கரித்து நிற்கும். வீட்டார் எலும்பு சிக்கிக்கொண்டது என்றெண்ணி அதன் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பதும், வாழைப்பழத்தை விழுங்கச் செய்வதும் நாம் பன்முறை கண்டவை.

நம் அன்பர்கள் வாழும் இரு நிலப்பகுதிகளுமே இந்நோயுற்ற நாய்க்கு இடர் தருவன. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றையும், வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதிகளின் வெயிலையும் அறியாதார் யார்? 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 பாகை செல்சியசைக் கடந்து, வெப்ப அலை எச்சரிக்கையும் விடப்பட்டது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவைத் தொங்கவிட்டு இரைத்தே அது தன் சூட்டைத் தணித்துக் கொள்ள வேண்டும். மூச்சுக் குழலே பழுதுபட்ட நாய்க்கு அந்த வழியும் அடைபடுகிறது. மூணாறு, தேவிகுளம், பீர்மேட்டுப் பக்கமோ குளிரும் பனிமூட்டமும் உடையது. லயத்தின் சிறு அறையில் விறகடுப்பு புகையும். கதவும் சன்னலும் குளிருக்காக அடைக்கப்பட்டிருக்கும். நாய் அடுப்போரத்திலேயே சுருண்டு கிடக்கும். புகை, கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, பீடி ஆகிய இவை யாவும் அதன் மூச்சுக்குப் பகையே. மருந்தைத் தேடுமுன் இவற்றை விலக்குவது செலவில்லாத முதற் சிகிச்சை.

மலைநாட்டுத் தமிழர் நாயிடத்து வைத்த அன்பை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாளிரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் மாண்டன. தன்னோடு விளையாடிய சிறு குழந்தையைத் தேடி நாட்கணக்கில் அலைந்து, அவ்வுடல் கிடந்த இடத்தைக் காட்டிய ‘குவி’ என்னும் நாயை நாடே அறியும். அத்தகைய மக்களிடையேயும், இருமும் கிழநாயைக் கண்டால் பிள்ளைகளுக்கு அந்நோய் ஒட்டிவிடும் என அஞ்சி, சாக்கில் கட்டித் தொலைவில் விட்டுவரும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மூச்சுக்குழல் அழற்சி ஒட்டுநோயன்று. நாய் மயிரின் ஒவ்வாமையால் ஆஸ்துமாவுள்ள குழந்தைக்குத் தொல்லை மிகலாம் என்பது வேறு செய்தி. அது நாய் நலமாயிருப்பினும் நிகழ்வது. வளர்த்த பிராணியைத் துன்புறும்படி கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும். ஆதலின் கைவிடுவதற்கு முன் மருந்து உண்டா என்று கேட்பதே முறை. மருந்து இருக்கிறது.

மருந்தை மூச்சில் இழுக்கும் முறை நமக்குப் புதிதன்று. ஊமத்தையின் புகையை இளைப்பு நோயாளர் இழுக்கும் வழக்கம் நம் நாட்டில் பழையது. சென்னையிலிருந்த ஆங்கில அதிகாரிகள் வாயிலாகவே 1802இல் அது பிரிட்டனுக்குச் சென்றது என மருத்துவ வரலாறு கூறுகிறது. ஊமத்தையிலுள்ள அட்ரோபின் என்னும் பொருளின் வழியில் ஆக்கப்பட்ட இப்ரட்ரோப்பியம் இன்றும் நெபுலைசரில் இடப்படுகிறது. (இதைப் படித்துவிட்டு எவரும் நாய்க்கு ஊமத்தைப் புகை போட முற்பட வேண்டா. அது கொடிய நஞ்சு.) இப்பொழுது நாம் காணும் இன்ஹேலர் 1955இல் ஒரு சிறுமி கேட்ட கேள்வியிற் பிறந்தது. அமெரிக்காவில் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவரின் மகள், ஆஸ்துமாவால் துன்புற்றவள், தலைமுடிக்கு அடிக்கும் பீச்சுக் குப்பியைப் போலத் தன் மருந்தையும் அடைக்கலாகாதா என்று தந்தையைக் கேட்டாளாம். அடுத்த ஆண்டே, 1956இல், அம்மருந்துக் குப்பி விற்பனைக்கு வந்தது. 1969இல் சால்புட்டமாலும், 1972இல் மூச்சுவழி ஸ்டீராய்டான பெக்ளோமெத்தசோனும் தொடர்ந்தன.

மாத்திரை இருக்க மூச்சுவழி எதற்கு என்று கேட்கலாம். நாயின் மூச்சுக்குழல் வீக்கத்தை அடக்க வல்லது பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையே. விரைவில் குணம் தெரியும். ஆனால் அதை மாதக்கணக்கில் கொடுத்தால் நாய்க்கு அடங்காப் பசியும் தாகமும் உண்டாகும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும், உடல் பெருக்கும், பெருத்த உடல் மூச்சை இன்னும் நெருக்கும். மூச்சுவழியாகப் புளூட்டிகசோன் போன்ற மருந்தைக் கொடுத்தாலோ, அது வேண்டிய இடத்தில் நேரே படிகிறது. உடலெங்கும் பரவுவது குறைவு. இதன் பலன் மெல்லத்தான் தெரியும், ஒன்றிரண்டு வாரமாகும். அதுவரை மாத்திரையையும் கூடவே கொடுத்து, வைத்தியர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாத்திரையை நம் விருப்பப்படி திடீரென நிறுத்துவது ஆபத்து. சால்புட்டமால் வேறு வகை. அது குழலைத் தளர்த்தும், வீக்கத்தை ஆற்றாது. நாய்களுக்குக் குழல் இறுக்கத்தைவிட வீக்கமே பெரிதாதலால் அதன் பயன் குறைவு. நெருக்கடிக்கு வைத்தியர் சொன்னால் மட்டும் அதைக் கொடுப்பது.

இனிக் கொடுக்கும் முறை. மனிதன் வாயில் வைத்து, அமுக்கி, இழுத்து, மூச்சை அடக்குகிறான். நாயிடம் மூச்சை அடக்கு என்று யார் சொல்வது? மேலும் குப்பியிலிருந்து மருந்து மிகுந்த வேகத்தில் வெளிப்படுகிறது. நேரே முகத்தில் அடித்தால் மூக்கிலும் மயிரிலும் படிந்து வீணாகும், நாயும் வெருண்டோடும். நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லத்தக்க துளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு முதல் ஐந்து பங்கு வரை அளவுடையதாயிருத்தல் வேண்டும். பெருந்துளிகள் தொண்டையிலேயே தங்கிவிடும். இக்காரணங்களால் இடையே ஒரு குழாயறை தேவைப்படுகிறது. இதற்கு ஸ்பேசர் என்று பெயர். அதன் ஒரு முனையில் குப்பியைச் செருகலாம். மறுமுனையில் நாயின் மோவாயும் மூக்கும் அடங்கும் முகமூடி இருக்கும். உள்ளே ஒரு தடுக்கிதழ் உண்டு. நாய் மூச்சு வாங்கும்போது மருந்து வரும். விடும்போது வெளிமூச்சு அறைக்குள் திரும்பாது. கனடா நாட்டு நிறுவனமொன்று நாய்க்கென்றே ‘ஏரோடாக்’ என்ற பெயரில் இதனைச் செய்கிறது. அது கிட்டாதவிடத்துக் குழந்தைகளுக்கான ஸ்பேசரைப் பயன்படுத்தச் சொல்லும் வைத்தியர்களும் உளர். ஆனால் உருண்டை முகமூடி நீண்ட மோவாயுள்ள இராசபாளையம், கோம்பை நாய்களுக்குப் பொருந்தாது. இடைவெளி இருப்பின் மருந்தெல்லாம் காற்றோடு போம்.

முதல் நாளே முகமூடியை அழுத்திப் பிடித்துக் கொடுக்க முயல்வோர் தோற்பர். நம் ரயில்வே குடியிருப்பில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வீட்டில் 11 வயது ஸ்பிட்ஸ் நாய் ஒன்று உண்டு. அதற்கு மருந்து பழக்கிய விதத்தை அருகிருந்து கண்டோம். முதல் மூன்று நாள் வெறும் முகமூடியைத் தரையில் வைத்து அதனுள் வேகவைத்த கோழிக் கல்லீரல் துணுக்கு ஒன்றை இட்டனர். நாய் தானே மூக்கை உள்ளே விட்டது. பின்பு ஒரு மூச்சு, மூன்று மூச்சு என முகத்தில் வைத்து எடுத்து, ஒவ்வொரு முறையும் துணுக்கு கொடுத்தனர். குப்பியின் ‘புஸ்’ என்னும் ஒலியைப் பாம்புச் சீற்றம்போல் அது அஞ்சியது. எனவே அடுத்த அறையில் அமுக்கி, அதே நேரத்தில் இங்கே துணுக்கு கொடுத்து, நாள்தோறும் ஒலியை அருகே கொணர்ந்தனர். பத்தாம் நாள் எல்லாம் ஒன்றுகூடின. இப்போது ஸ்பேசரைக் கையிலெடுத்தாலே அந்நாய் தானாக வந்து பாயில் அமர்கிறது.

அவ்வீட்டு அம்மையார் தொடக்கத்தில் நம்மைக் கேட்டது இதுதான்: “தம்பி, பேரனுக்கு வைத்திருக்கிற மருந்தையே நாய்க்கும் வைத்துவிடலாமே, அதற்கென்று தனியாக வேறு வாங்க வேண்டுமா?” இக்கேள்வி பல வீடுகளில் எழுவது, நகைப்பதற்கில்லை. மாத வருவாய்க்குள் குடும்பம் நடத்துவோர்க்கு இது பெருஞ்செலவு. மருந்துப் பொருள் இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம், அளவு ஒன்றன்று. குப்பியையும் முகமூடியையும் பொதுவாகப் பயன்படுத்துவது தூய்மைக்கும் ஒவ்வாது. இரவில் பேரனுக்கு இளைப்பு வரும்போது குப்பி காலியாக இருந்தால் என் செய்வது? வைத்தியர் சீட்டின்பேரில் தனியே வாங்குவதே தக்கது. மக்கள் மருந்தகங்களில் இவ்வகை இன்ஹேலர்களிற் சில குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

பழகிய நாய்க்கு நாள்தோறும் செய்ய வேண்டுவது சிறிதே. குப்பியை நன்கு குலுக்கி ஸ்பேசரில் செருகி, முகமூடியை மூக்கும் வாயும் அடங்கப் பொருத்தி, ஒரு முறை மட்டும் அமுக்குக. ஏழு முதல் பத்து மூச்சு எண்ணுக. விலாவின் ஏற்றத்தையன்று, தடுக்கிதழின் அசைவைக் கண்டு எண்ணுதல் நன்று. இரண்டாம் முறை வேண்டுமெனில் மீண்டும் குலுக்கித் தனியாகக் கொடுக்க வேண்டும். இருமுறை சேர்த்து அமுக்கினால் துளிகள் ஒன்றோடொன்று மோதி அறைச் சுவரில் ஒட்டிவிடும். ஸ்டீராய்டாயின் பிறகு முகத்தை ஈரத் துணியால் துடைத்துத் தண்ணீர் வைக்கவும். சோற்றுக்கு முன் மருந்து என்று வைத்துக் கொண்டால் இரண்டும் எளிதாக முடியும். வாரம் ஒரு முறை ஸ்பேசரை வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசித் தானே உலர விட வேண்டும். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்துத் துளிகளை இழுத்துக் கொள்ளும். குப்பி காலியா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்கதன்று; எண் காட்டும் குப்பியை வாங்குக, அல்லது சுவர் நாட்காட்டியில் குறித்து வருக.

குப்பியை உயரத்தில் வைக்க வேண்டுவது மிக முக்கியம். சால்புட்டமால் குப்பியைக் கடித்துத் துளைத்த நாய், நூற்றுக்கணக்கான அளவு மருந்தை ஒரு நொடியில் உட்கொண்டு விடுகிறது. நெஞ்சு படபடக்கும், உடல் நடுங்கும், இரத்தத்தில் பொட்டாசியம் தாழும், உயிருக்கே கேடாகலாம். காத்திராமல் உடனே மிருகாசுபத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். மற்றொன்று: முகத்தருகே கை வைக்கும் வேலையாதலின் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டு தவறாது போட்டிருத்தல் வேண்டும்.

எல்லா இருமலுக்கும் இம்மருந்து ஆகாது. இதயத் தடுக்கிதழ் பழுதுபட்ட கிழநாயும் இருமும்; நுரையீரலில் நீர் கோத்தால் மூச்சு வாங்கும். அதற்கு வேண்டுவது வேறு மருந்து. மூச்சுக்குழல் தட்டையாகச் சரியும் நோய் பொமரேனியன் போன்ற சிறு இனங்களுக்கு உண்டு. கழுத்துப் பட்டையை நீக்கி மார்புப் பட்டை அணிவித்து, உடலை இளைக்கச் செய்தால் பாதி குணம். பக் என்னும் சப்பை மூக்கு நாயோ நோயோடேயே பிறப்பது. 2003இல் ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னே அது ஓடியதைக் கண்டு நாடெங்கும் வாங்கினர். மூக்குத் துளை ஒடுங்கிய பிராணியைப் பாலக்காட்டு வெயிலில் வளர்ப்பது இரக்கமாகுமா என்று எவரும் எண்ணவில்லை. அத்துளையை அறுவையால் அகலப்படுத்தலாம், இன்ஹேலரால் இயலாது. ஆகவே மார்புப் படம் எடுத்து நோயை உறுதி செய்த பின்னரே மருந்து. உறங்கும் நாயின் மூச்சை ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். 30க்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் வைத்தியரிடம் சொல்க. நாக்கும் ஈறும் நீலம் பாய்ந்தால் அந்நேரமே புறப்படுக.

எங்கே செல்வது? பாலக்காட்டார்க்குத் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955இல் தோன்றிய கால்நடைக் கல்லூரி அண்மையில் உள்ளது. இடுக்கியில் இருப்புப் பாதை இல்லை. மூணாற்றில் இருந்த சிறு ரயிலை 1924 வெள்ளம் கொண்டு போனது நம் பெரியோர் சொல்லக் கேட்டதே. எனினும் எல்லை தாண்டினால், 2020இல் தொடங்கப்பெற்ற தேனிக் கல்லூரி குமுளி, போடிமெட்டுப் பக்கத்தார்க்கும், உடுமலைப்பேட்டைக் கல்லூரி மறையூரார்க்கும் எட்டும் தூரத்தில் உள்ளன. பல வட்டாரங்களில் 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தியும் வரும்.

ரயிலில் கொண்டு செல்வோர்க்கு நம் துறை சார்ந்த ஒரு சொல். முதல் வகுப்பில் தனியறை முழுதும் பதிவு செய்தால் நாயை உடன் வைத்துக் கொள்ளலாம். இல்லையேல் பார்சல் ஆபீசில் சீட்டு எழுதி, கார்டு வண்டியிலுள்ள நாய்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும். அப்பெட்டி இரும்பாலானது, பகலில் கொதிக்கும். இளைக்கும் நாயைச் சித்திரை வைகாசியில் பகல் வண்டியில் அவ்வாறு அனுப்பலாகாது. இரவு வண்டியைத் தேர்ந்து, முன்கூட்டியே பார்சல் ஆபீசில் விசாரித்து, தண்ணீர்ச் சட்டியையும் அன்றைய மருந்தையும் கையோடு கொண்டு வருக.