‘பஞ்சு மரம்’ வாங்கும் முன் இலையைப் பாருங்கள்!

தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதனால், ‘ஆறேழு வருஷத்தில் வெட்டலாம், தீக்குச்சிக்கு விலைபோகும்’ என்று சொல்லப்படும் மரங்கள் மீது இங்குள்ள விவசாயிகளுக்கு ஆசை வருவது இயல்பு. அப்படிப்பட்ட மரங்களில் ஒன்று, காட்டன்வுட் எனப்படும் பாப்லர். இதைத் தமிழில் ‘பஞ்சு மரம்’ என்று சொல்லும்போதுதான் குழப்பம். நம் ஊரில் பஞ்சு மரம் என்றால் இலவம்!

அடையாளம் காண்பது எப்படி?

பாப்லர்: முக்கோண வடிவத் தனி இலை. காம்பு தட்டையாக இருப்பதால், லேசான காற்றுக்கே இலை படபடக்கும். பெண் மரத்தின் விதையில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

இலவம்: விரித்த கைவிரல்கள்போல ஒரே காம்பில் 5 முதல் 8 சிற்றிலைகள். காயில் தலையணைப் பஞ்சு இருக்கும்.

பெருமரம்: நீண்ட காம்பின் இருபுறமும் ஜோடி ஜோடியாகப் பல் விளிம்புள்ள சிற்றிலைகள். கசக்கினால் நாறும், அதனால் ‘பீநாறி’ என்றும் பெயர்.

மூன்றும் இலை உதிர்க்கும் மரங்கள். இலை இல்லாத கன்றை, விற்பவர் சொல்லும் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

பாப்லர் இங்கே வருமா?

அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மரம் பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப்பிரதேசத்தில் பெருமளவில் பயிராகிறது. அங்கு குளிர்காலமும், ஆழமான ஈர வண்டல் மண்ணும் உண்டு. 28 டிகிரி வட அட்சரேகைக்கு மேல்தான் நன்றாக வளர்கிறது. தூத்துக்குடியோ 9 டிகிரிக்கும் கீழே. எனவே, பணத்தைப் போட வேண்டாம்.

மாற்று என்ன?

தீக்குச்சிக்கு நமக்கு ஏற்றது பெருமரம். சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் போன்ற, வடிகால் உள்ள நிலத்தில் வளரும். தண்ணீர் தேங்கும் கரிசலும், உப்பளத்தை ஒட்டிய உவர் நிலமும் ஆகாது. விதையின் முளைப்புத்திறன் சில மாதங்களில் போய்விடும் என்பதால், சேகரித்தவுடன் விதைக்க வேண்டும். ஒன்றரை அடி ஆழ, அகலக் குழியில் தொழுவுரம் இட்டு, ஐப்பசி மழையில் நடலாம். 4 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 250 கன்றுகள் பிடிக்கும். கொழுந்தைக் கூடுகட்டித் தின்னும் புழுக்களை ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டும். தழை ஆடுகளுக்குத் தீவனம்.

நடும் முன்பே, குச்சி அறுக்கும் ஆலையில் எந்தச் சுற்றளவு மரத்தை வாங்குவார்கள், வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது. மரம் வளர்ந்தபின் கேட்டால், விலை வாங்குபவர் கையில்தான்!