கட்டுண்ட மருந்தும் கட்டற்ற மருந்தும்

குருதியில் மருந்தின் ‘அளவு’ என்கிறோம். அவ்வொரு சொல்லுள் இரண்டு அளவுகள் அடங்கியுள்ளன. மருந்தின் ஒரு பகுதி அல்புமின் என்னும் புரதத்தோடு பிணைந்திருக்கும். அது கட்டுண்ட மருந்து. எஞ்சியது கட்டற்ற மருந்து. நோயைத் தணிப்பதும், மிகுந்தால் நஞ்சாவதும் கட்டற்றதே.

வலிப்புநோய்க்குத் தரும் ஃபெனிட்டோயினைக் காண்போம். நலமுடையோர் குருதியில் அதன் 90 விழுக்காடு கட்டுண்டிருக்கும். சிறுநீரகம் செயலிழந்தால் அல்புமின் குறையலாம். வெளியேறாத கழிவுகளும் அதன் பிணைப்பிடங்களைப் பற்றிக்கொள்ளும். ஆகவே 10 விழுக்காடாக இருந்த கட்டற்ற பங்கு 20 விழுக்காடாகவோ அதற்கு மேலாகவோ உயரலாம். விடுபட்டதைக் கல்லீரல் சிதைப்பதால் மொத்த அளவு குறையும். லிட்டருக்கு 20 மில்லிகிராமில் 10 விழுக்காடும் 2. 10 மில்லிகிராமில் 20 விழுக்காடும் 2. மொத்தம் குறைந்ததென்று மருந்தைக் கூட்டினால் தள்ளாட்டமும் மயக்கமும் நேரலாம்.

டயாலிசிஸ் சவ்வின் நுண்துளைகளைக் கட்டற்ற மருந்தே கடக்கும். அல்புமினோடு கட்டுண்டது பெரும்பாலும் குருதியிலேயே தங்கிவிடும்.

எனவே, ஆய்வறிக்கையில் காணும் அளவு மொத்தமா, கட்டற்றதா என்று மருத்துவரிடம் வினவுங்கள். மருந்தை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டா. ஓர் அடைமொழி விடுபட்டதால் உயிருக்கு ஊறு நேரலாகாது.