உங்களுக்குத் தெரியுமா? தோ பாயோ வீடுகளின் உள் அலங்காரம்

★ ‘மூவறை வீடு’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்கள் மூன்று படுக்கையறை என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கணக்கில் கூடமும் ஓர் அறைதான். அப்படியென்றால் படுக்கையறை இரண்டே இரண்டு. தோ பாயோவின் பழைய மூவறை வீடுகள் பெரும்பாலும் 60 சதுர மீட்டரைச் சுற்றியே இருக்கும், நம் கணக்கில் ஏறக்குறைய 650 சதுர அடி. மூன்று பேர் உட்காரும் சோஃபாவைக் கடையில் பார்த்தவுடன் முன்பணம் கட்டுகிறவர்கள் முதலில் கூடத்தை அளக்க வேண்டும். கையோடு லிஃப்ட் கதவையும் அளந்துவிடுங்கள். அந்தக் கால புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நின்றதில்லை. 2001ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வரும்வரை, இரும்பு பீரோ வாங்கியவர்கள் கடைசி இரண்டு மாடிக்கு அதைத் தோளில்தான் ஏற்றினார்கள்.

★ தோ பாயோ லோரோங் 6ல் பிள்ளைகள் ஏறிச் சறுக்கும் டிராகனை வரைந்தவர் கோர் இயன் கீ. வீவகவில் அவர் பார்த்த வேலை வீட்டு உட்புற வடிவமைப்பு! 1979ல் வந்த அந்த டிராகனின் தலையில் அவர் பதித்தது குளியலறைச் சுவரில் ஒட்டுகிற மாதிரியான சின்னச் சின்ன மொசைக் ஓடுகள். இப்போது காலம் திரும்பிவிட்டது. திண்டு உறை, சுவர்ப்படம், தேநீர்க் கோப்பை என அதே டிராகன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

★ சென்னையில் வடக்குப் பார்த்த சன்னல் என்றால் வெயில் தொல்லை குறைவு. அந்த நினைப்பில் இங்கே திரை வாங்காமல் இருந்துவிடாதீர்கள். சென்னை 13 பாகை வடக்கே இருக்கிறது, சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகைதான். அதனால் ஜூன் மாத நண்பகலில் சூரியன் தலைக்கு வடக்கே நன்றாகச் சாய்ந்து நிற்கும், டிசம்பரில் ஏறக்குறைய அதே அளவுக்குத் தெற்கே. வடக்குச் சன்னலுக்கும் தெற்குச் சன்னலுக்கும் ஆண்டில் பாதி பாதி முறை.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது மேற்குச் சுவர். காரணத்தில் பாதி கடிகாரத்தில் இருக்கிறது. 1982 பிறக்கும் தறுவாயில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தது. அன்றிலிருந்து சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி சுமாருக்கு. நீங்கள் ஐந்து மணிக்கு வேலைவிட்டு வரும்போது சூரியனுக்கு மணி நான்குதான். கான்கிரீட் சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவு பத்து மணிவரை திருப்பிக் கொடுக்கும். ஆகவே கட்டிலின் தலைமாட்டை மேற்குச் சுவரில் ஒட்டாதீர்கள். அங்கே புத்தக அலமாரியோ துணி அலமாரியோ நிற்கட்டும், சுவருக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு. இந்த ஊர் ஈரக்காற்றில் சுவரோடு ஒட்டிய அலமாரிக்குப் பின்னால் பூஞ்சைதான் குடித்தனம் நடத்தும். பட்டுப்புடவை அடுக்கும் அலமாரி என்றால் இந்த நான்கு விரல் விஷயத்தில் சமரசமே வேண்டாம்.

★ பழைய மொசைக் தரை, அதன்மேல் 1990களில் ஒட்டிய பீங்கான் ஓடு, அதன்மேல் வினைல் பலகை. இப்படியே அடுக்கிக்கொண்டு போகலாமா? முடியாது. தரைப்பூச்சும் கல்லும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது வீவக விதி. கட்டடம் தாங்கும் எடைக்கு ஒரு கணக்கு இருக்கிறதே! மொசைக் தரை விரிசல் இல்லாமல் கிடைத்தால் அதை மூடுவது எனக்கு வீண்செலவாகத்தான் படுகிறது. மெருகு போட்டால் மினுமினுக்கும், வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. புதுக் கடைகளில் ‘டெரசோ’ என்று பெயர் சொல்லி விலையேற்றி விற்பதும் அதன் பங்காளியைத்தான்.

★ பொய்க்கூரை போட்டு வண்ண விளக்கு வைக்க ஆசையா? தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரம் மிஞ்ச வேண்டும். அதற்குக் கீழே மின்விசிறியும் தொங்கவேண்டும் என்பதை மறந்தவர்கள் பிறகு விசிறியைக் கழற்றியிருக்கிறார்கள்.

★ சின்ன இடத்தில் சாமர்த்தியமாக வாழ்வதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளைப் பாருங்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய நீளமான கூடங்கள் அவை. ஒரே கூடத்தில் பல கடைகள், ஆனால் கடைக்கும் கடைக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரு கடைக்குச் சொந்தம் ஓர் அலமாரி, ஓர் இரும்புப் பெட்டகம், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கணக்கெழுத ஒரு தாழ்ந்த மரப்பெட்டி. பெட்டியின் மூடிதான் எழுதும் பலகை, வயிறுதான் பேரேடு வைக்கும் இடம். இரவானால் பாய் விரியும். சொந்த ஊரில் பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பெல்ஜியம் கண்ணாடியுமாக வீடு எழுப்பியவர்கள், சம்பாதிக்கும் ஊரில் வாழ்ந்தது இப்படி. கிட்டங்கிகள் 1970களின் பிற்பகுதியில் நகர மறுசீரமைப்பில் போய்விட்டன. ‘பல பயன் தரும் நாற்காலி மேசை’ என்று இன்று கண்காட்சி வைத்து விற்பவர்கள் அந்த மரப்பெட்டி ஒன்றைப் பார்த்தால் நல்லது. செட்டிநாட்டு வேலைப்பாடு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கேம்பல் லேனில் 2015ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போகலாம். அங்கே நிற்கும் 19ஆம் நூற்றாண்டு நிலைக்கதவின் முன்னால் அரை மணி நேரம் போதாது.

★ சுவருக்கு அடர்நிறம் அடிக்கத் தயங்குகிறவர்கள் தேக்கா பக்கம் கெர்பாவ் ரோட்டில் உள்ள டான் தெங் நியா இல்லத்தைப் பார்த்துவிட்டு வரலாம். 1900ல் ஒரு சீன மிட்டாய் வியாபாரி கட்டியது. லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருக்கும் கடைசிச் சீன மாளிகையும் அதுதான். சன்னலுக்கு ஒரு நிறம், சட்டத்துக்கு ஒரு நிறம், தூணுக்கு இன்னொன்று. வெட்டவெளியில் எடுபடுகிற அந்தக் கூத்து 650 சதுர அடிக்குள் எடுபடாது. ஒரே ஒரு சுவருக்கு மஞ்சளோ மயில்நீலமோ அடித்து, மற்றவற்றை வெளிறிய நிறத்தில் விட்டுவிடுங்கள்.

★ 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீடுகளில் ‘பாம் ஷெல்டர்’ என்ற வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை உண்டு. 1997ல் இதற்கென்றே சட்டம் வந்தது. தடித்த சுவரை இடிக்கக் கூடாது, இரும்புக் கதவைக் கழற்றக் கூடாது, காற்றுத்துளையை அடைக்கக் கூடாது. அரிசி மூட்டையும் ஊருக்குப் போகும் பெட்டிகளும் அடைக்கலம் புகும் அறை அது. கதவு அசிங்கமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: அது இரும்பு, காந்தம் ஒட்டும். பிள்ளைகள் வரைந்த படம், பள்ளி அட்டவணை, தேக்காவில் வாங்கிய நாள்காட்டி எல்லாவற்றுக்கும் ஆணியடிக்காத சுவர் கிடைத்துவிட்டது.

★ 2018 ஜூன் முதல் கட்டப்படும் புது வீடுகளில் புகையுணர் கருவி கட்டாயம். பூசை அலமாரியை அதற்கு நேர் கீழே வைத்தால் வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணிக்குக் கருவியும் சேர்ந்து கத்தும். அலமாரிக்குக் கதவு போடுகிறவர்கள் உள்ளே மேல்தட்டில் மரம் கருகாதபடி ஓர் ஓட்டுத்துண்டு பதித்துக்கொள்வது நல்லது. விளக்கு எரியும்போது கதவைச் சாத்தாதீர்கள்.

★ வாசல் இல்லாத வீட்டில் கோலம் எங்கே போடுவது? பொதுத் தாழ்வாரத்தில்தான். அது நம்முடையது மட்டுமில்லை. செருப்பு அலமாரி, துளசித்தொட்டி, சைக்கிள் எல்லாம் போக 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்கிறது தீயணைப்பு விதி. தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசுவுக்காக அபராதம் வேறு. மாக்கோலத்தின் மேல் பக்கத்து வீட்டு ஆன்ட்டி தள்ளுவண்டி ஓட்டிவிட்டுப் போனால் கோபப்பட முடியாது. அதனால்தான் ஒட்டுக்கோலம் இத்தனை வீடுகளில். பழித்துப் பேசுகிறவர்கள் பேசட்டும், தினமும் புளோக் துடைப்பவரின் இடுப்பை நினைத்தால் ஒட்டுக்கோலமே மேல் என்பேன்.

கோலத்துக்கு இங்கே இடமே கிடைக்காது என்றும் நினைக்க வேண்டாம். தோ பாயோவுக்குப் பக்கத்துப் பேட்டையான வாம்போவின் சமூக மன்றத்தில் 2003 ஆகஸ்டில் விஜயலட்சுமி மோகன் போட்ட ரங்கோலி 256 சதுர மீட்டர். அப்போது அது கின்னஸ் சாதனை. மூவறை வீடு நான்கை அதற்குள் வைத்துவிடலாம். 2023 பொங்கலின்போது சுதா ரவியும் மகள் ரக்‌ஷிதாவும் லிட்டில் இந்தியாவில் கோலப்பொடிக்குப் பதில் 26,000 ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கினார்கள்.

★ ஒரே தாழ்வாரத்தில் சீனப் புத்தாண்டுக்குக் காகித அன்னாசி, நோன்புப் பெருநாளுக்குச் சரவிளக்கு, தீபாவளிக்கு மாவிலைத் தோரணம். இப்படிக் கலந்து தொங்குவதற்கு 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் ஒரு காரணம். எந்த புளோக்கிலும் ஓர் இனத்தவர் மட்டுமே குவிந்துவிடாதபடி அதில் வரம்பு உண்டு. சரவிளக்கைப் பெருநாள் முடிந்ததும் கழற்றாமல் தீபாவளிவரை விட்டுவைக்கும் வீடுகளும் உண்டு, இரண்டுக்கும் பொருந்துகிறதே!

★ புது வீட்டுக் குளியலறைத் தரையும் சுவர் ஓடுகளும் பிடிக்கவில்லையா? மூன்று ஆண்டு பொறுங்கள். அதற்குள் பெயர்த்தால் அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சும் கிழியும். கிழிந்தால் ஒழுகுவது கீழ்வீட்டுக் கூரையில். பழுதுபார்க்கும் பொறுப்பு மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் சேர்ந்தது.

★ சன்னலின் அலுமினியத் தறையாணிகளை எஃகுக்கு மாற்ற வேண்டும் என்று 2004ல் சட்டமே வந்தது, அவ்வளவு சன்னல்கள் கழன்று விழுந்தன. திரைச்சீலை மாற்றும்போது அந்த ஆணிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

★ தீபாவளிக்குள் ரெனோவேஷனை முடிக்க நினைப்பவர்களுக்கு: சுவர் இடிப்பது, தரை பெயர்ப்பது போன்ற சத்த வேலைகள் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கிடையாது. ஏற்கெனவே குடியிருக்கும் வீடு என்றால் மொத்த வேலைக்கும் ஒரு மாதம், புது வீடு என்றால் மூன்று மாதம். எந்தச் சுவரை இடிக்கலாம் என்பதைக் ஒப்பந்தக்காரர் வாய்ச்சொல்லில் நம்பாமல் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தோ பாயோ எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெயில் படாமல் நடந்து போகிற தூரத்தில் வீவக மையம் இருக்கிறது. அங்கேயே மாதிரி வீடுகளையும் அறைகலன்களோடு அமைத்து வைத்திருக்கிறார்கள், பார்க்கக் காசு கிடையாது. அளவு நாடாவையும் வீட்டு வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.