கலத்தின் வாயிலும் கரந்து புகும் பகையும்

உயிரியற் பாடம் நடந்துகொண்டிருந்த வேளையிலே மாணவன் ஒருவன் வினாவொன்றை எழுப்பினான். “தொண்டைக்கரப்பான் நோயை விளைக்கும் பற்றீரியம் தொண்டையிலேதானே தங்குகின்றது? அவ்வாறாயின் நோயாளியின் இதயம் பழுதுறுவது எங்ஙனம், ஐயா?” வினா சிறிது; விடையோ உயிர்க்கலத்தின் உள்ளமைப்பு வரை நம்மை அழைத்துச் செல்வது.

இவ்வினா முன்னரே அறிஞரை மயக்கியதொன்றாகும். 1884 ஆம் ஆண்டிலே செருமானிய அறிஞர் பிரீடிரிக் லொப்ளர் இப்பற்றீரியத்தைத் தனியே பிரித்து வளர்த்தார். நோயால் இறந்தோரின் உள்ளுறுப்புக்கள் பழுதுற்றிருந்தும் அவற்றிலே பற்றீரியத்தைக் காணாத அவர், தொண்டையிலே தோன்றும் நஞ்சொன்றே குருதிவழிச் சென்று கேடு விளைத்தல் வேண்டும் எனக் கருதினார். 1888 இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் றூ, யெர்சின் என்னும் இருவர், பற்றீரியம் வளர்ந்த நீரை வடிகட்டி, பற்றீரியம் சிறிதுமில்லாத தெளிநீரை விலங்குகளுக்கு ஊசிமூலம் ஏற்றினர். விலங்குகள் இறந்தன. கொல்வது நஞ்சே என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

இனி, அந்நஞ்சு கலத்தினுட் புகுமாற்றை நோக்குவோம். கலத்தைச் சூழ்ந்திருப்பது கொழுப்புச் சார்ந்த மென்சவ்வு. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் அதனை எளிதில் ஊடுருவமாட்டா. ஆதலின், வேண்டியவற்றை ஏற்றுக்கொள்ளுதற்கு ‘வாங்கிகள்’ எனப்படும் புரதங்கள் கலத்தின் மேற்பரப்பிலே அமைந்துள்ளன. உரிய பொருள் வாங்கியைப் பற்றியதும் மென்சவ்வு உட்குழிந்து, அதனைச் சிறு பையொன்றிற் பொதிந்து உள்ளே ஈர்த்துக்கொள்ளும். பின்னர் அப்பையினுள் அமிலத்தன்மை மிகும். வந்த பொருளை வாங்கியினின்று பிரிப்பதற்கும், பின் செரிப்பதற்கும் கலம் கையாளும் முறை இதுவாகும்.

உதயணன் கதையை நம்முட் பலர் அறிவர். யானைமீது பெருவிருப்புடைய அவ்வரசனைச் சிறைப்பிடித்தற்குப் பிரச்சோதனன், வீரரை உள்ளே மறைத்த பொறியானையொன்றை அனுப்பினான். விருப்பமே வீழ்ச்சிக்கு வாயிலாயிற்று. தொண்டைக்கரப்பான் நஞ்சின் செயலும் இத்தகையதே. அந்நஞ்சு இரு கூறுகளையுடையது. ஒன்று பற்றுங்கூறு, மற்றையது கொல்லுங்கூறு. கலங்களின் வளர்ச்சியைத் தூண்டும் காரணியொன்றின் முன்னோடியாய் மேற்பரப்பிலே நிற்கும் புரதத்தைப் பற்றுங்கூறு பிடித்துக்கொள்கின்றது. கலம் தானே அதனை உள்ளே இழுத்துக்கொள்கின்றது. பையினுள் அமிலம் மிகுந்ததும் பற்றுங்கூறு உருத்திரிந்து, பையின் மென்சவ்விலே நுழைந்து, கொல்லுங்கூறு குழியவுருவை அடைய வழிசெய்கின்றது. செரித்தற்கு ஏற்பட்ட அமிலமே பகைவனுக்குச் சைகையாகின்றது!

உட்சென்ற கூறு ஒரு நொதியம். புரதத் தொகுப்புக்கு இன்றியமையாத காரணியொன்றை அது மாற்றிச் செயலிழக்கச் செய்கின்றது. தான் அழியாது மீண்டும் மீண்டும் தொழிற்படுதலின், அக்கூற்றின் ஒரேயொரு மூலக்கூறே ஒரு கலத்தைக் கொல்லப் போதுமானது என்பதை 1978 இல் யப்பானிய ஆய்வாளர் காட்டினர். சுண்டெலியின் வாங்கி சற்றே வேறுபட்டதாகலின், நஞ்சு அதனைப் பற்றமாட்டாது. சுண்டெலியும் அந்நஞ்சைத் தாங்கிக்கொள்ளும். ஆயினும், கொல்லுங்கூற்றைச் செயற்கையாக உட்செலுத்தினால் சுண்டெலியின் கலமும் மடியும். உயிருக்கும் இறப்புக்கும் இடையே நிற்பது வாயிலொன்றே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

வைரசுக்களுட் பலவும் இவ்வழியையே நாடுகின்றன. இன்புளுவென்சா வைரசு, கலத்தின் மேற்பரப்பிலுள்ள சயாலிக்கமிலத்தைப் பற்றிப் பையினுட் புகும். அமிலம் மிகுந்ததும் அதன் மேற்புரதம் உருமாறி, வைரசின் உறையைப் பையின் மென்சவ்வோடு இணைத்துவிடும். அவ்வழியே வெளிப்படும் வைரசின் பரம்பரைப் பொருள் கருவை அடைந்து, கலத்தின் பொறிகளைக்கொண்டே தன்னைப் பெருக்குகின்றது. நஞ்சு கலத்தின் தொழிலை நிறுத்துகின்றது. வைரசோ அத்தொழிலைத் தனதாக்கிக்கொள்கின்றது. வேறுபாடு இதுவே.

இவ்விரு பகைகளுக்கும் இடையே மற்றோர் உறவும் உண்டு. தொண்டைக்கரப்பான் பற்றீரியங்கள் அனைத்தும் நஞ்சை ஆக்குவதில்லை. பற்றீரியத்தைத் தாக்கும் வைரசொன்று புகுந்த பின்னரே, தீங்கற்ற பற்றீரியம் நஞ்சுடையதாகின்றது என 1951 இல் விக்டர் பிறீமன் கண்டறிந்தார். நஞ்சை ஆக்கும் பரம்பரையலகை ஏந்தி வருவது அவ்வைரசே.

இனி மாணவனின் வினாவுக்கு விடை எளிதாகின்றது. பற்றீரியம் தொண்டையிலே தங்க, நஞ்சு குருதிவழிச் சென்று இதயத்தின் கலங்களிலும் நரம்புகளிலும் தனக்கேற்ற வாயிலைக் கண்டு புகுகின்றது. மருத்துவத்தின் எல்லையும் இதனாற் புலனாகும். நஞ்செதிர் மருந்து, குருதியிலே திரியும் நஞ்சையே பற்றிச் செயலிழக்கச் செய்யும். கலத்தினுட் புகுந்துவிட்ட நஞ்சை அது தீண்டமாட்டாது. ஆதலினாலேயே அம்மருந்தை நோய் கண்ட உடனே ஏற்றுதல் வேண்டும் என மருத்துவர் வற்புறுத்துவர். அதனினும் சிறந்தது, நஞ்சு வருமுன்னரே வாயிலைக் காத்தலாகும். 1923 இல் கஸ்தோன் றமோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் போமலினாலும் வெப்பத்தாலும் நஞ்சின் கொடுமையை நீக்கி, அதன் உருவை மட்டும் எஞ்சவைத்தார். அதனை ஏற்ற உடல் பிறபொருளெதிரிகளை முன்கூட்டியே ஆக்கிக்கொள்ளும். பின்னர் மெய்ந்நஞ்சு வரின், அது வாங்கியை அடையுமுன்னரே பிறபொருளெதிரிகள் அதனைப் பற்றிக்கொள்ளும்.

இந்நோய் ஒழிந்துவிட்டதென எண்ணி வாளாவிருத்தல் தகாது. 1990 ஆம் ஆண்டுக்குப் பின் முன்னைய சோவியத்து நாடுகளிலே தடுப்பூசி வழக்கம் தளர்ந்தபோது, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொண்டைக்கரப்பானுக்கு ஆளாயினர், மாண்டோர் ஆயிரக்கணக்கினர். வாயிற் காவல் தளர்ந்தது. இளம்பருவத்துத் தடுப்பூசியைத் தவறாது இடுவித்தல் பெற்றோர் கடன். அதன் காரணத்தை விளங்கவைத்தல் ஆசிரியர் கடன். காரணம் அறிந்து செய்யும் காவலே நிலைத்து நிற்கும்.