கீற்று இறங்கி ஷீட் ஏறிய ஊர்

முன்பெல்லாம் எங்கள் குன்னம் பக்கத்தில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் கீற்றும் கருப்பந்தோகையும்தான் கூரை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாக வேய வேண்டும். ஆடிக்காற்று ஒரு பக்கம் தூக்கும். கோடையில் ஒரு வீட்டில் பிடித்த தீ வரிசையையே சாம்பலாக்கிவிடும். அந்த ஊருக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வரப்பிரசாதமாகத்தான் வந்தது. தீப்பிடிக்காது, கரையான் அரிக்காது, காரை வீடு கட்ட முடியாதவர்களின் கைக்கும் எட்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகிப்போன பிறகு, பள்ளிகளில் கீற்றே கூடாது என்றானது. பல இடங்களில் கீற்று இறங்கிய கூரையில் ஷீட் ஏறியது. அன்று அதைத் தவறென்று யார் சொல்லியிருக்க முடியும்?

என் தாய்மாமா கூரை வேலைக்காரர். ஷீட்டைக் கீழே கிடத்தி, ஒரு காலால் அழுத்திக்கொண்டு ஆக்சா பிளேடால் அறுப்பார். ஜே போல்ட்டுக்குத் துளை போடும்போது தூள் புருவத்திலும் மீசையிலும் படியும். வாயில் துண்டு கட்டும் வழக்கமெல்லாம் இல்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் கைலியை உதறுவார். அதை அத்தை துவைப்பார். உடைந்த சில்லுகளை நாங்கள் பொறுக்கி வந்து, தரையில் கோடு கிழித்துப் பாண்டி ஆடுவோம். சாக்பீஸைவிட நன்றாக எழுதும்.

அறுபதை நெருங்கியபோது அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பீடியால்தான் என்றார்கள். பிறகு காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி இல்லை என்று தெரிந்தும் கொடுத்தார்கள். கடைசியில் ஸ்கேன் படத்தைப் பார்த்த ஒரு மருத்துவர்தான், “ஐயா, என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டார். அதற்குமுன் யாரும் அதைக் கேட்டதே இல்லை. அதற்குள் மாமாவால் பேருந்து நிறுத்தம் வரைகூட நடக்க முடியாமல் போயிருந்தது. அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை.

ஷீட்டில் கலந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நாரின் இழை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. நுரையீரலின் ஆழத்தில் போய்க் குத்திக்கொண்டால் உடம்பால் அதைக் கரைக்க முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டி, நுரையீரல் விரிய முடியாமல் இறுகிப்போகும். அதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் இதே இழையால் வரலாம். இழை உள்ளே போவதற்கும் நோய் வெளியே தெரிவதற்கும் இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். கூரையில் அசையாமல் கிடக்கும் நல்ல ஷீட்டைவிட, அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் கிளம்பும் தூளில்தான் ஆபத்து அதிகம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா 1924-இல் 33 வயதில் இறந்தார். மருத்துவ இதழில் அவர் மரணம் பதிவானது. 1931-இல் பிரிட்டன் ஆலைத் தூசுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது; 1999-இல் ஆஸ்பெஸ்டாஸையே தடை செய்தது. கல்நாரை வெட்டி உலகுக்கெல்லாம் ஏற்றுமதி செய்த கனடா 2018-இல் தடை செய்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் வைத்திருந்த அங்குள்ள சுரங்க ஊர், 2020-இல் அந்தப் பெயரையே மாற்றிக்கொண்டது. நாமோ நம் மண்ணில் வெட்டுவதை நிறுத்திவிட்டு, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்து ஷீட் போடுகிறோம். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நல்ல தீர்ப்பொன்று தந்தது. தொழிலாளியின் உடல்நலம் அவருடைய அடிப்படை உரிமை. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. ஆனால் என் மாமா எந்த ஆலையின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. தினக்கூலி, இன்று ஒரு வீடு, நாளை ஒரு மாட்டுக்கொட்டகை. அவருக்கு யார் பதிவு வைப்பார்கள்? கைலி துவைத்த அத்தைக்கு யார் வைப்பார்கள்?

தொழிலால் நோயுற்றவர்களுக்காக உழைக்கும் ஓர் அறக்கட்டளைக்கு நான் மாதாமாதம் பணம் அனுப்புவது இதனால்தான். கோயில் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் கொடுக்க நம் ஊரில் ஆள் இருக்கிறார்கள், அது நல்லதே. கூலிக்காரரின் ஸ்கேனுக்கும், வீட்டில் ஆக்சிஜன் வைப்பதற்கும், இழப்பீடு கேட்டு மனு எழுதுவதற்கும் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இன்று குன்னம் சுற்றுவட்டாரத்தில் ஷீட் இறங்கத் தொடங்கியிருக்கிறது. அரசு வீட்டுத் திட்டங்களில் காங்கிரீட் தளம் போடுகிறார்கள். வசதி உள்ளவர்கள் தகர ஷீட்டுக்கு மாறுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பழைய ஷீட்டை மேலிருந்தே கீழே போட்டு உடைக்கிறார்கள். கட்டிங் மிஷின் வைத்து அறுக்கிறார்கள். ஆக்சா பிளேடைவிடப் பல மடங்கு தூள் கிளப்பும் மிஷின் அது. உடைந்ததை வண்டிப்பாதைப் பள்ளத்தில் கொட்டி நிரவுகிறார்கள். ஷீட் இறக்கும் பையன்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். தெரிந்த மேஸ்திரிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: முதலில் தண்ணீர் அடித்து நன்றாக நனையுங்கள், போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்குங்கள், மிஷின் வேண்டாம், பையன்களுக்குக் கல்நார்த் தூளைத் தடுக்கும் முகக்கவசமாவது வாங்கிக் கொடுங்கள், பிறகு வாசலைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். இரண்டு மேஸ்திரிகள் சரி என்றார்கள். மற்றவர்கள் முகக்கவசத்துக்குக் காசு யார் தருவது என்கிறார்கள். அந்தக் காசையும் இந்த மாதத்திலிருந்து நானே தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.