இணைப்பு அறுந்தாலும் போய்ச் சேரும் கடிதம்

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் ரயில் பகவதிபுரத்தைத் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் நுழைகிறது. ஆரியங்காவு வருவதற்குள் ஒரு நீண்ட குகைப்பாதை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பயணி ஒருவர் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பில் மெயில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி இருட்டுக்குள் நுழையும் நொடியில் அவர் ‘அனுப்பு’ பொத்தானைத் தட்டுகிறார். சிக்னல் இல்லை. பக்கத்து இருக்கைக்காரரின் வீடியோ அழைப்பு உறைந்து நின்று, பிறகு அறுந்துவிடுகிறது. மெயிலோ ‘அவுட்பாக்ஸ்’ பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மலையைக் கடந்து சிக்னல் திரும்பியதும், யாரும் சொல்லாமலே கிளம்பிப் போய்விடுகிறது.

இதைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. ஆனாலும் வியந்து நிற்க வேண்டிய இடம் இது. பேச்சு, வீடியோ, இணைய விளையாட்டு எல்லாமே இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் நடக்கும். மின்னஞ்சலுக்கு அந்த நிபந்தனை கிடையாது. அனுப்புபவர் மலைக்குள் இருக்கலாம், பெறுபவர் தூங்கிக்கொண்டிருக்கலாம், நடுவில் உள்ள ஒரு சர்வர் பழுதாகிக் கிடக்கலாம். கடிதம் போய்ச் சேரும். இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும் என்று முதலிலேயே எண்ணிக் கட்டப்பட்ட தொழில்நுட்பம் அது. பயணிக்கு அதைவிடப் பொருத்தமான துணை வேறில்லை.

ஓடும் ரயிலில் இணையம் கிடைப்பதே பெரிய காரியம்தான். சமவெளியில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 2 கி.மீ. தூரத்தை ஏறக்குறைய 65 நொடிகளில் கடந்துவிடும். அதற்குள் செல்போன் ஒரு டவரின் எல்லையை விட்டு அடுத்த டவரின் எல்லைக்குள் போக வேண்டியிருக்கும். அதனால் போன் பக்கத்து டவர்களின் சிக்னல் வலுவையும் அளந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. எப்போது மாற்றிவிடுவது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு முடிவு செய்கிறது. டவர் மாறினாலும் போனின் ஐ.பி. முகவரி மாறுவதில்லை. அந்த முகவரி டவரில் இல்லை. நிறுவனத்தின் மையக் கணினி ஒன்றில் ஊன்றப்பட்டிருக்கிறது. அங்கிருந்து எந்த டவருக்குத் தகவலைத் திருப்பிவிடுவது என்பது மட்டும் மாறிக்கொண்டே போகிறது. வண்டி எவ்வளவு தூரம் ஓடினாலும் இணையத்தின் பார்வையில் பயணி ஒரே இடத்தில்தான் இருக்கிறார்.

இந்த ஏற்பாடெல்லாம் குகைக்குள் செல்லாது. அங்கேதான் மின்னஞ்சலின் நெறிமுறை தன் பலத்தைக் காட்டுகிறது. அதற்கு ‘எஸ்.எம்.டி.பி.’ என்று பெயர். 1982-இல் ஜான் போஸ்டல் அதை ஒழுங்குபடுத்தி எழுதி வெளியிட்டார். கொஞ்சம் நெருங்கிப் போய்ப் பார்த்தால், அது இரண்டு இயந்திரங்களுக்கு இடையே நடக்கும் மிக மரியாதையான உரையாடல். லேப்டாப் முதலில் வணக்கம் சொல்லித் தான் யார் என்று தெரிவிக்கிறது. கடிதம் யாரிடமிருந்து, யாருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் சர்வர் ஒரு மூன்றிலக்க எண்ணைப் பதிலாகத் தருகிறது. பிறகு கடிதம் வரிவரியாகப் போகிறது. தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது என்று பொருள். சர்வர் அதைப் பத்திரமாகச் சேமித்துக்கொண்டு ‘250’ என்று பதில் சொல்கிறது.

அந்த 250 வெறும் ‘சரி’ அல்ல. பதிவுத் தபாலை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவதைப் போன்றது அது. ‘இனி இது என் பொறுப்பு. கொண்டுபோய்ச் சேர்ப்பேன், முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று உனக்குத் தெரிவிப்பேன்’ என்ற வாக்குறுதி அதில் இருக்கிறது. 250 வரும்வரை அனுப்பும் இயந்திரம் தன் பிரதியைக் கைவிடக் கூடாது. வாங்கிய சர்வர் அடுத்த சர்வரிடம் ஒப்படைக்கும்போதும் இதே விதிதான். அடுத்த சர்வர் பதில் தராவிட்டால் குறைந்தது 30 நிமிடம் பொறுத்து மறுபடி முயல வேண்டும்; அப்படியே 4, 5 நாட்களாவது விடாமல் முயன்ற பிறகுதான் கைவிடலாம் என்பது 2008-இல் புதுப்பிக்கப்பட்ட விதிமுறையின் பரிந்துரை. வழியில் எந்தக் கட்டத்திலும் கடிதத்துக்குப் பொறுப்பாளர் இல்லாத நொடி என்று ஒன்று கிடையாது.

ஒரே கடிதம் சில சமயம் இரண்டு முறை வந்து சேர்வதற்குக் காரணமும் இதுதான். சர்வர் 250 சொல்லிவிட்டது. அந்தப் பதில் லேப்டாப்பை எட்டுவதற்குள் வண்டி குகைக்குள் போய்விட்டது. லேப்டாப்புக்கு நடந்தது தெரியாது. அதனால் சிக்னல் வந்ததும் மறுபடி அனுப்புகிறது. தொலைவதைவிட இரண்டு முறை போவது மேல் என்று வடிவமைத்தவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். கடிதத்தின் அருமை தெரிந்தவர்களின் தீர்மானம் அது.

இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? 1971-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதன்முதலாக வலையமைப்பு வழியே கடிதம் அனுப்பினார். இரண்டும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவை. ஆனால் கடிதம் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வழியாகச் சுற்றிப் போனது. பத்தாண்டு முடிவதற்குள் யூனிக்ஸ் கணினிகள் சாதாரணத் தொலைபேசி வழியாகவே ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களைக் கைமாற்றத் தொடங்கின. கட்டணம் குறைவு என்பதால் பெரும்பாலும் இரவில்தான் அழைப்பு. ஒரு கடிதம் நாலைந்து கணினிகளில் தங்கித் தங்கி ஊர் போய்ச் சேரும். அந்தக் காலத்துக் கணினிக்கு இணைப்பு என்பது எப்போதாவது கிடைக்கும் ஒன்று. அந்த உலகத்தில் வளர்ந்ததால்தான் மின்னஞ்சலுக்குக் காத்திருக்கத் தெரியும்.

தூக்கிச் செல்லும் கணினிகளும் அதே காலத்தில்தான் பிறந்தன. 1981-இல் வந்த ஆஸ்பார்ன் 1 ஏறக்குறைய 11 கிலோ எடை. உள்ளே பேட்டரி கிடையாது, சுவரில் பிளக் தேட வேண்டும். 1983-இல் வந்த டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100 நிலைமையை மாற்றியது. நான்கு பென்சில் செல் போதும். திரையில் 8 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள். உள்ளேயே ஒரு மோடம்; நொடிக்கு 300 பிட், அதாவது சுமார் 30 எழுத்துகள். 6,000 எழுத்துகள் கொண்ட ஒரு செய்தியை அனுப்ப மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனாலும் நிருபர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஓட்டல் அறைத் தொலைபேசியில் மாட்டி, எழுதியதை எழுதியபடியே அலுவலகத்துக்கு அனுப்ப முடிந்ததே!

பூமியை விட்டே போன பயணிகளும் உண்டு. 1991 ஆகஸ்டில் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடத்தில் பறந்த ஷானன் லூசிடும் ஜேம்ஸ் ஆடம்சனும் ஒரு மெக்கின்டாஷ் போர்ட்டபிள் கணினியிலிருந்து விண்வெளியின் முதல் மின்னஞ்சலை அனுப்பினார்கள்.

எனக்கு அதைவிட வியப்பானது தென் துருவத்தின் கதை. வழக்கமான தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கின்றன. துருவத்தில் நிற்பவருக்கு அவை தெரியா. பூமியின் வளைவு மறைத்துவிடும். 1978-இல் ஏவப்பட்ட கோஸ்-3 என்ற வானிலைச் செயற்கைக்கோளுக்கு வயதாகி, அதன் பாதை ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. அந்தச் சாய்வினால் அது தினமும் சில மணி நேரம் துருவத்தின் அடிவானத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது. அமெரிக்காவின் தென் துருவ ஆய்வு நிலையம் 1995 முதல் 2016 வரை அதைத் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்திக்கொண்டது. செயற்கைக்கோள் உதிக்கும்; சேர்ந்திருக்கும் கடிதங்கள் போகும், வரும்; மறுபடி மறையும். தொடர்ந்த இணைப்பு தேவைப்படும் எதுவும் அங்கே திணறிப்போகும். மின்னஞ்சலோ அதற்கென்றே பிறந்தது போல வேலை செய்தது.

வானத்தில் எதுவும் இல்லாமலும் இது நடக்கும். 2003-இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் தொலைபேசிக் கம்பி எட்டாத கிராமப் பள்ளிகளுக்கு மோட்டார் சைக்கிள்கள் மெயில் கொண்டுபோயின. வண்டியின் பின்னால் வைஃபை பொருத்திய ஒரு பெட்டி. வண்டி பள்ளிக்கு அருகே வரும்போது, அங்கே சூரிய மின்சாரத்தில் ஓடும் கணினி, எழுதி வைத்த கடிதங்களைப் பெட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தவற்றை வாங்கிக்கொள்ளும். நகரத்துக்குத் திரும்பியதும் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக எல்லாம் உலகத்துக்குப் போகும். நம் பக்கத்திலும் கர்நாடகத்தின் தொட்டபள்ளாபுரா வட்டாரத்தில் ‘டாக்நெட்’ என்ற பெயரில் இதே முறையைப் பேருந்தில் வைத்துச் செய்து பார்த்தார்கள். நில ஆவணங்களுக்கான விண்ணப்பங்கள் அப்படிப் பயணம் செய்தன.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பயணிக்குச் சில காரியங்கள் தெளிவாகும். முதலாவது, கடிதத்தின் எடை. யுனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். ‘அம்மா’ என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடுகள். மொத்தம் 15 பைட். நீளமான ஒரு தமிழ்க் கடிதம்கூட இருபது, முப்பது கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். சிக்னல் ஒரு கோடு வந்து போகும் இடைவெளியில் அது பறந்துவிடும். படங்கள் அப்படியல்ல. மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளுக்காக மட்டும் பிறந்தது. 1992-இல் உருவான ‘மைம்’ முறைதான் மற்ற மொழிகளும் படங்களும் போக வழி செய்தது. அந்த முறையில் இணைப்புக் கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாக மாற்றப்படுவதால், 3 எம்.பி. படம் 4 எம்.பி. ஆகிவிடும். வழியில் சிக்னல் போனால் பெரும்பாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் மலைப்பாதையில் சொல்ல வேண்டியதை எழுத்தில் அனுப்பிவிட்டு, படத்தை ஊர் போய் அனுப்புவதுதான் அறிவு.

இரண்டாவது, பொது வைஃபை. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் நம் லேப்டாப் பேசுவது காற்றில் எல்லோருக்கும் கேட்கும். ஆனால் 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் ஓர் அற்புதமான வழியை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத இருவர், எல்லோர் காதிலும் விழும்படி எண்களைப் பரிமாறிக்கொண்டே, கேட்டவர் யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்ள முடியும். இன்று மெயில் சர்வருடன் நம் கணினி பேசும்போது அந்தக் கணிதத்தின் வழிவந்த முறைகள்தான் காவல் நிற்கின்றன. எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்பதற்குச் சான்றிதழ் ஒன்றையும் கணினி சரிபார்க்கிறது. ‘சான்றிதழ் சரியில்லை’ என்று எச்சரிக்கை வந்தால் தட்டிவிட்டு மேலே போகக் கூடாது. அந்த இணைப்பை அப்போதே துண்டித்துவிட வேண்டும்.

மூன்றாவது, லேப்டாப்பை மூடும் முன் அவுட்பாக்ஸைப் பார்ப்பது. மெயில் செயலியில் எழுதினால் சிக்னல் இல்லாவிட்டாலும் கடிதம் அதில் காத்திருக்கும்; உலாவியில் எழுதினால் ஆஃப்லைன் வசதியை முன்பே இயக்கி வைத்திருக்க வேண்டும். மூடியை மூடினால் கணினி பெரும்பாலும் உறங்கிவிடும். அவுட்பாக்ஸில் இருப்பது அங்கேயே கிடக்கும். 250 வராதவரை பொறுப்பு நம்முடைய கணினியிடம்தான் இருக்கிறது. கடிதம் ‘அனுப்பியவை’ பகுதிக்கு மாறியதும் பொறுப்பு கைமாறிவிட்டது.

இணைப்பு அறுபடவே கூடாது என்று நாம் இன்று அதிகம் கவலைப்படுகிறோம். அறுபடுவது இயல்பு என்று ஏற்றுக்கொண்டவர்கள் அமைத்த ஏற்பாடு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளத்தாக்கிலும் துருவத்திலும் விண்வெளியிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பயணத்தில் தொடர்பில் இருக்க இருபத்துநான்கு மணி நேர சிக்னல் வேண்டியதில்லை. நம்பி ஒப்படைத்தால் கைவிடாத ஒரு சங்கிலி இருந்தால் போதும். அந்தச் சங்கிலி நமக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறது.