ஏரியைக் காணச் செல்லும் மிதிவண்டிகள்

கோலார் தங்கவயலின் ஊரிகம் இரயில் நிலையத்தில், விடியற்காலை வண்டிகள் புறப்பட்டுச் சென்றபின் சற்று நேரம் பேரமைதி நிலவும். பெங்களூரில் பணிபுரிவோர் அனைவரும் அவ்வண்டிகளில் சென்றிருப்பார்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, இவ்வூரில் பல குடும்பங்களின் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. அந்த அமைதியான வேளையில், இரயில் சென்ற திசைக்கு முதுகைக் காட்டி, ஒரு மிதிவண்டியில் வடகிழக்கே கிளம்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பயணத்தில் பாலாற்றின் குறுக்கே பரந்து கிடக்கும் பேத்தமங்கலம் ஏரியின் கரையில் நிற்பீர்கள்.

தங்கவயல் என்றவுடன் நிலத்துக்கு அடியில் இருந்ததைப் பற்றியே அனைவரும் பேசுகிறோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றதையும், சிவசமுத்திரத்திலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே இங்கு மின்சாரம் வந்ததையும் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அச்சுரங்கத்தையும் அதை நம்பி வாழ்ந்த மக்களையும் தாங்கி நின்ற நீர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வோர் குறைவு. மிதிவண்டிப் பயணம் அந்த விடையை நோக்கி நம்மை மெதுவாக அழைத்துச் செல்கிறது.

மீன்கொத்தி காட்டும் வழி

நீர்நிலைகளைச் சுற்றி மிதிவண்டியில் ஊர் காண்பது உலகின் பல நாடுகளில் நன்கு வளர்ந்த சுற்றுலா முறை. அயர்லாந்துத் தீவின் வடமேற்குப் பகுதியில், ஏர்ன் ஏரிகளையும் அவற்றை அடுத்த சிற்றூர்களையும் இணைத்து, ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு மிதிவண்டி வழி அமைந்துள்ளது. அதற்கு மீன்கொத்தியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அங்கே புதிய நெடுஞ்சாலை எதுவும் போடப்படவில்லை. போக்குவரத்துக் குறைந்த நாட்டுப்புறச் சாலைகளைத் தேர்ந்து, திருப்பங்களில் வழிகாட்டிப் பலகைகளை நட்டார்கள். வழியிலுள்ள தங்கும் வீடுகளுக்கும் சிற்றுண்டிக் கடைகளுக்கும் அதனால் வருவாய் வந்தது.

அத்தீவுக்கும் நம் மிதிவண்டிக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கி, 1888ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். கிராமத்துக் கரடுமுரடான சாலைகளிலும் இடுப்பு நோகாமல் நாம் செல்வது அந்தத் தந்தையின் அக்கறையால்தான்.

அயர்லாந்தில் இருப்பவை போன்ற நாட்டுப்புறச் சாலைகள் நம்மிடமும் உண்டு, மீன்கொத்திகளும் உண்டு. வழிகாட்டிப் பலகைகள்தாம் இல்லை. எனவே இரு பயண வழிகளை இங்கே தருகிறேன்.

முதல் வழி: பாலாற்றை நோக்கி

ஊரிகத்திலிருந்து இராபர்ட்சன்பேட்டைக் கடைவீதி வழியாக வடக்கே செல்லுங்கள். பின்புறம் திரும்பினால், சுரங்கத்திலிருந்து வெளியேற்றிய மண் மலைபோல் குவிந்திருப்பதைக் காணலாம். பொன்னைப் பிரிக்கச் சயனைடு பயன்படுத்திய மண் அது. தொலைவிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஊர் எல்லையைக் கடந்ததும் கேழ்வரகு வயல்களும், தக்காளித் தோட்டங்களும், பட்டுப்புழு வளர்ப்போரின் மல்பெரிச் செடிகளும் இருபுறமும் தொடங்கும்.

முதல் நிறுத்தம் கம்மசந்திரம் கோடிலிங்கேசுவரர் திருக்கோயில். 108 அடி உயர இலிங்கத்தையும் அதைச் சூழ்ந்த எண்ணற்ற சிறு இலிங்கங்களையும் வழிபட்டுவிட்டு, நிழலில் சற்று இளைப்பாறலாம். அங்கிருந்து பேத்தமங்கலம் செல்லும் சாலை பெரும்பாலும் சமவெளியே. கோயிலையும் ஏரியையும் கண்டு ஊரிகம் திரும்பினால் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பழக்கமில்லாதவர்களும் அரை நாளில் சுற்றி வந்துவிடலாம்.

பேத்தமங்கலத்தின் பழம்பெயர் விசயாதித்தமங்கலம். கி.பி. பத்தாம் நூற்றாண்டில் இவ்வேரிக்கரை உடைந்தபோது நுளம்ப மன்னர் ஒருவர் அதைச் சீர்செய்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மீண்டும் உடைந்தபோது ஹொய்சளத் தளபதி ஒருவர் கட்டுவித்தார். பிற்காலத்தில் இங்கு நீரேற்று நிலையம் அமைக்கப்பட்டு, வடிகட்டிய நீர் குழாய் வழியே தங்கவயலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

நான் அங்குச் சென்ற ஒரு காலைப்பொழுதில், கரைமேல் பழைய மிதிவண்டி ஒன்றைச் சாய்த்துவிட்டு முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "இவ்வளவு தூரம் மிதித்து வருகிறீர்களே ஐயா" என்றேன்.

"சின்ன வயசுல லைன் குழாயில தண்ணி பிடிக்க வரிசையில நிப்போம் சார். இந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு ஒருநாள் எங்கப்பாவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லல. அந்த ஞாயித்துக்கிழமை கேரியர்ல உட்கார வெச்சு இங்க கூட்டிட்டு வந்து காட்டினார். அப்புறம் என் பிள்ளைங்களை நான் கூட்டிட்டு வந்தேன். இப்ப அவங்க பெங்களூர்ல இருக்காங்க. நான் மட்டும் வர்றேன்" என்றார்.

அவருடைய தந்தையின் ஊர் ஆம்பூர்ப் பக்கம். அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. சுரங்க வேலைக்காக வடார்க்காட்டிலிருந்து வந்த பல குடும்பங்கள் பாலாற்றங்கரையைச் சேர்ந்தவை. கர்நாடகத்தில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகக் கடலை நாடும் ஆறு அது. தம் ஊரில் மணலாகக் கிடந்த ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறிவந்து, அதே ஆற்று நீரைக் குடித்தே அவர்கள் பொன் எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் வழி: மார்க்கண்டேய நதியை நோக்கி

இது ஒரு முழுநாள் பயணம். ஊரிகத்திலிருந்து பங்காருப்பேட்டை சென்று, அங்கிருந்து தென்மேற்கே பூதிகோட்டைக்குத் திரும்ப வேண்டும். ஹைதர் அலி பிறந்த ஊர் இதுவே. பாறைக் குன்றின்மேல் பழங்கோட்டையின் எச்சங்களைக் காணலாம். அருகே மார்க்கண்டேய நதியின் நீர்த்தேக்கம் உள்ளது. போக வர 55 முதல் 60 கிலோமீட்டர் ஆகும். ஏற்ற இறக்கங்களும் உண்டு.

இவ்விரு வழிகளையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். பேத்தமங்கலத்து நீர் பாலாற்றுக்குரியது. மார்க்கண்டேய நதியோ தென்பெண்ணையில் கலப்பது. தங்கவயல் இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட மேட்டு நிலம். இங்குப் பெய்யும் மழையில் ஒரு பங்கு வேலூரை நோக்கியும் மறுபங்கு கிருஷ்ணகிரியை நோக்கியும் செல்கிறது.

புறப்படும் முன்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் இருப்பதால் இங்கு வெயில் சற்றுத் தணிந்தே இருக்கும். மழைக்குப் பிந்தைய, பிப்ரவரி வரையிலான மாதங்கள் ஏற்றவை. கியர் வைத்த விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. நல்ல டயர், எண்ணெயிட்ட செயின், நன்றாகப் பிடிக்கும் பிரேக் ஆகியன போதும். கைப்பம்பு, மாற்று டியூப், இரண்டு லிட்டர் குடிநீர், தலைக்கவசம் ஆகியவற்றை மறவாதீர்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் பாதிக்கு மேல் கடந்துவிடுங்கள். ஏரியில் இறங்கிக் குளிக்க வேண்டா. சேறும் ஆழமும் வெளியே தெரியா. கைவிடப்பட்ட சுரங்க வாயில்களை நெருங்குவதும் கூடாது.

தேய்மானக் கணக்கு

வணிகவியல் படித்தவர்கள் தேய்மானம் என்னும் சொல்லை அறிவார்கள். சுரங்கம் எடுக்க எடுக்கக் குறையும் சொத்து. எவ்வளவு செலவிட்டாலும் எடுத்த தங்கம் மீளாது. ஏரி அப்படியன்று. தூர் வாரி, கரையை உயர்த்தி, மதகைச் செப்பனிட்டு, வரத்துக்காலை அடைக்காமல் வைத்திருந்தால், ஆயிரம் ஆண்டுகளானாலும் அது தேய்வதில்லை. பொன் இருந்த 120 ஆண்டுகளுக்கு முன்னும் பேத்தமங்கலம் ஏரி இருந்தது, பின்னும் இருக்கிறது. அதைப் பழுதுபார்க்க அவ்வப்போது யாரோ முன்வந்ததே காரணம்.

ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த ஏரியும் வற்றும். கோலார் மாவட்டத்து ஏரிகள் பலவற்றுக்கு, 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். நிலத்தடி நீர் உயர்ந்ததென்று மகிழ்வோர் உண்டு. அந்நீரை இன்னும் ஒரு படி தூய்மைப்படுத்த வேண்டும் என்று கோருவோரும் உண்டு. இவ்விவாதத்தில் பங்குகொள்ள வேண்டியவர்கள் அந்நீரைப் பயன்படுத்தும் நாமே. அதற்கு முதலில் ஏரியை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

வரும் விடுமுறை நாளில் மிதிவண்டிக்குக் காற்றடித்து வையுங்கள். நீங்கள் தங்கவயலில் இல்லாவிட்டாலும், உங்கள் வீட்டுக் குழாய்க்கும் ஓர் ஏரியோ ஆறோ இருக்கத்தான் செய்யும். அது எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், அவர்களையும் உடன் அழைத்துச் சென்று காட்டுங்கள்.